பிரெய்ரி: நான் பாதியே சொல்லிக்கொடுத்த பாடம்



அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம் ஊர் வந்து சேர்ந்தேன். "டீச்சர், நயாகரா படம் போடுங்க" என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தீர்கள். படம் இருக்கிறது, பிறகு போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு புல்லைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். நாற்பது நிமிட வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுமையாகப் படிப்பீர்கள்.

ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் ஞாபகம் இருக்கிறதா? மிதவெப்ப மண்டலப் புல்வெளிகள். "வட அமெரிக்காவில் பிரெய்ரி, தென் அமெரிக்காவில் பாம்பாஸ், ஐரோப்பா ஆசியாவில் ஸ்டெப்பி, தென்னாப்பிரிக்காவில் வெல்டு, ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்." வகுப்பே கோரஸாகச் சொல்லும். பொருத்துக பகுதியில் ஐந்து மதிப்பெண் உறுதி. முப்பத்து நான்கு வருடம் இந்த ஐந்து பெயரையும் சொல்லிக்கொடுத்தேன். பிரெய்ரி என்றால் கோதுமை விளையும் இடம், உலகத்தின் ரொட்டிக்கூடை. அதோடு பாடம் முடிந்தது, அடுத்து டைகா காடுகள்.

மகள் இருப்பது சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில், இல்லினாய்ஸ் மாநிலம். நான் போய் இறங்கியது மார்ச் மாதக் கடைசி. வீட்டு முன்புறம் எல்லோர் வீட்டிலும் ஒட்ட வெட்டிய புல்தரை. இவள் வீட்டில் மட்டும் ஓரமாக ஏழெட்டுப் புதர், காய்ந்த வைக்கோல் மாதிரி, செம்பட்டை நிறத்தில் இடுப்பளவுக்கு நிற்கிறது. வேலைக்குப் போகிற பிள்ளை, தோட்டத்தைப் பார்க்க நேரமில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஏப்ரல் நடுவில் புல்தரை எல்லாம் பச்சை பிடித்த பிறகும் இந்தப் புதர்கள் மட்டும் அப்படியே செத்துக் கிடந்தன. ஒரு நாள் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு கராஜிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கையால் இழுத்தேன், அசையவில்லை. வெட்டிப் பார்த்தேன், மண்வெட்டி துள்ளிக்கொண்டு திரும்பியது. நம் ஊர் கோரைக்கிழங்கு தோண்டிப் பழகிய கை இது. ஆனால் ஒரு புதரைக் கெல்லி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது, மயிர்க்கற்றை போல அடர்த்தியாக. மூன்றாவதை எடுத்து முடித்து நிமிர்ந்தபோது பேரன் பள்ளிவிட்டு வந்து நிற்கிறான். "பாட்டி, அம்மாவோட பிரெய்ரியை ஏன் பிடுங்கினீங்க?" என்றான்.

அம்மாவோட பிரெய்ரி! எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

மாலையில் மகள் வந்து பார்த்தாள். கோபப்படவில்லை. "அம்மா, அது சாகலைம்மா, தூங்குது. மே மாசம்தான் எழுந்திரிக்கும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு வேர்களை ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, அடுத்த நாள் காலையில் மறுபடியும் நட்டாள். நல்லவேளை, வசந்த காலம்தான் அந்தப் புல்லைப் பிரித்து நடுகிற பருவமாம். அதன் பெயர் லிட்டில் புளூஸ்டெம். ஒரு சின்னத் தொட்டி 14 டாலர் கொடுத்து நர்சரியில் வாங்கியது. புல்லைக் காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று கேட்க வாயெடுத்தேன். மூன்று தொட்டியை நாசமாக்கியவள் கேட்கக் கூடாத கேள்வி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை எனக்கு இதே வேலைதான். பக்கத்து நூலகம், பேரனின் கணினி, மகளின் புத்தகங்கள். நான் படித்ததையும் பார்த்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

பிரெய்ரி என்பது பிரெஞ்சுச் சொல், புல்வெளி என்றே அர்த்தம். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் அது மூன்று பட்டையாக இருந்தது. மேற்கே ராக்கி மலையடிவாரத்தில் மழை குறைவு, அங்கே குட்டைப் புல். கிழக்கே இல்லினாய்ஸ், அயோவா பக்கம் மழை அதிகம், அங்கே நெடும்புல். நடுவில் இரண்டும் கலந்தது. நெடும்புல் என்றால் சாதாரணமில்லை. பிக் புளூஸ்டெம் என்ற புல் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். மழை இருந்தும் அங்கே மரம் அடர்ந்து காடாகாததற்குக் காரணம் நெருப்பு. மின்னல் வைத்த தீ கொஞ்சம், அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் திட்டமிட்டு வைத்த தீ நிறைய. மரக்கன்றுக்கு வளரும் நுனி மேலே இருக்கிறது, எரிந்தால் போயிற்று. புல்லுக்கு அது மண்ணுக்குள் இருக்கிறது. மேலே எரிந்தால் கீழிருந்து இளம்புல் கிளம்பும், அதை மேயக் காட்டெருமை வரும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 1820 வாக்கில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் மட்டும் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது, மாநிலத்தில் பாதிக்கும் மேல். இன்றைக்கு உழாமல் கெடாமல் மிஞ்சியிருப்பது சில ஆயிரம் ஏக்கர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த மாநிலத்துக்குப் பட்டப்பெயர் இன்றைக்கும் 'பிரெய்ரி மாநிலம்'தான். அந்தப் பட்டப்பெயரைத் தவிர வேறெங்கும் நான் பிரெய்ரியைப் பார்க்கவில்லை என்று மாப்பிள்ளை வேடிக்கையாகச் சொல்வார்.

நான் உங்களுக்குப் பாடம் நடத்தியபோது, பிரெய்ரி என்று ஒரு புல்வெளி 'உள்ளது' என்றுதான் சொன்னேன். நிகழ்காலத்தில் சொன்னேன். அங்கே கோதுமையும் மக்காச்சோளமும் விளைய வேண்டுமென்றால் புல் போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களில் ஒருவராவது எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கும்படி நான் நடத்தவில்லை என்பதுதான் உண்மை.

எப்படிப் போயிற்று?

முதலில் வந்த குடியேறிகளுக்கு அந்த நிலத்தில் கை வைக்க முடியவில்லை. நான் மூன்று புதருக்கே மூச்சு வாங்கினேன் என்றால் அவர்கள் பாட்டை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கிழக்கிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பையில் அந்தக் கருமண் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். சில அடிக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்ட வேண்டும். வெர்மான்ட்டிலிருந்து வந்து இல்லினாய்ஸில் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த ஒரு கொல்லர், பெயர் ஜான் டீர், 1837-இல் உடைந்த ரம்பத்தின் எஃகுத் தகட்டைக்கொண்டு வழவழப்பான கலப்பை ஒன்று செய்தார். மண் ஒட்டாமல் தானே உருண்டு விழுந்தது. இன்றைக்கு நம் ஊரிலும் பச்சையும் மஞ்சளுமாக ஓடுகிறதே ஜான் டீர் டிராக்டர், அந்த ஜான் டீர்தான். நம் தோட்டத்தில் உழுகிறவர் அந்த டிராக்டர்தான் வைத்திருக்கிறார். இனி அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்.

கலப்பையோடு கதை முடியவில்லை. நிலம் யாருடையது என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா? 1830-இல் அமெரிக்க அரசு பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பச் சட்டம் போட்டது. 1833-இல் சிகாகோவில் ஓர் ஒப்பந்தம். அதன்படி பொட்டாவாட்டமி, ஒஜிப்வே, ஒட்டாவா மக்கள் மிச்சிகன் ஏரிக்கு மேற்கே இருந்த சுமார் 50 லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்தார்கள். கொடுக்க வைக்கப்பட்டார்கள் என்பது பொருத்தம். பக்கத்து இந்தியானா மாநிலத்தில் போக மறுத்து இருந்த பொட்டாவாட்டமி மக்கள் சுமார் 850 பேரை 1838 செப்டம்பரில் துப்பாக்கி முனையில் நடத்திக்கொண்டு போனார்கள். இல்லினாய்ஸைக் குறுக்காகக் கடந்து கன்சாஸ் வரை இரண்டு மாத நடை, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். வழியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். 'மரணப் பாதை' என்றே அதற்குப் பெயர்.

1837-இல் கலப்பை, 1838-இல் இந்த நடை. இரண்டையும் நான் தனித்தனியாகத்தான் படித்தேன். வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. புல்லை எப்போது எரிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தெரிந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். பிறகு புல்லை அனுப்பினார்கள்.

அடுத்த ஐம்பது அறுபது வருடத்தில் வேலை முடிந்தது. சதுப்பாக இருந்த இடங்களில் பூமிக்கடியில் சுட்ட மண் குழாய் பதித்து நீரை வடித்தார்கள். ரயில் வந்தது. காட்டெருமை அதற்கு முன்பே இல்லினாய்ஸில் இல்லை. மேற்கே குட்டைப் புல் நிலத்தையும் உழுதார்கள். 1930-களில் மழை பொய்த்தபோது அந்த மண் புழுதிப் புயலாக எழுந்ததை நீங்கள் வேறு இடங்களில் படித்திருப்பீர்கள், அதற்குள் நான் போகவில்லை. பெரிய பரப்பாக நெடும்புல் தப்பித்தது கன்சாஸில் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் மட்டும். காரணம் இரக்கமில்லை. மேலோட்டமான மண்ணுக்குக் கீழே பாறை, கலப்பை இறங்கவில்லை.

இல்லினாய்ஸில் மிஞ்சியது எங்கே தெரியுமா? இரண்டு இடத்தில். ஒன்று, ரயில் பாதை ஓரம். இன்னொன்று, பழைய கல்லறைத் தோட்டம். முதலில் வந்த குடியேறிகள் பிரெய்ரியில் ஒரு மூலையை ஒதுக்கித் தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். சுற்றிலும் உழுதார்கள், அந்த மூலையை உழவில்லை. மக்லீன் மாவட்டத்தில் வெஸ்டன் கல்லறை என்று ஓர் இடம், மொத்தமே சுமார் 5 ஏக்கர். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிக்கொண்டு போனாள். நாற்புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். நடுவில் கைக்குட்டை விரித்தது போல அது. என் தோள் உயரத்துக்குப் புல்லும் பூவும். நான் வாழ்க்கையில் முதல் முறையாகப் பிரெய்ரியைப் பார்த்தது அன்றுதான், அறுபத்தாறு வயதில். ஐந்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம்.

வேரைப் பற்றி ஒரு வார்த்தை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜான் வீவர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 1884-இல் பிறந்தவர். புல்லுக்குப் பக்கத்தில் ஆள் இறங்கும் பள்ளம் தோண்டி, மண்ணை மெல்ல அகற்றி, ஒவ்வொரு வேரும் எவ்வளவு தூரம் போகிறது என்று படம் வரைந்தார். ஸ்விட்ச்கிராஸ் என்ற புல்லின் வேர் 10 அடி ஆழம்வரை போகிறது. லிட்டில் புளூஸ்டெம் 5 அடிக்கும் கீழே. மேலே நாம் பார்ப்பதைவிடக் கீழே இருப்பதுதான் அதிகம். வருடா வருடம் அந்த வேரில் ஒரு பகுதி மக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததுதான் அந்தக் கருமண். நம் கரிசல் வேறு வகை, அதன் கறுப்புக்குக் காரணம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது நம் பக்கம் ஒரு சின்ன முடிச்சு. ஸ்விட்ச்கிராஸின் தாவரவியல் பெயர் பானிக்கம் விர்காட்டம். நாம் பொங்கிச் சாப்பிடுகிற சாமை இருக்கிறதே, அதன் பெயர் பானிக்கம் சுமட்ரன்ஸ். இரண்டும் ஒரே பேரினம், பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். புளூஸ்டெம் புற்களோ கரும்பு, சோளம், வெட்டிவேர் எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பக் கிளையைச் சேர்ந்தவை. இதைப் படித்த பிறகு அந்தப் புதரை வேற்றாளாக நினைக்க என்னால் முடியவில்லை. ஸ்விட்ச்கிராஸ் பூக்கும்போது சாமைக் கதிர் மாதிரியே தூவலாக விரிகிறது, ஆகஸ்டில் நானே பார்த்தேன்.

சரி, உழுது தீர்த்த புல் எப்படி 14 டாலருக்குத் தொட்டியில் வந்தது? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

சிகாகோவில் யென்ஸ் யென்சன் என்று டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவர் நகரப் பூங்காக்களில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டுப் பூச்செடிகளை நட்டு நட்டுப் பார்த்தார், அந்த ஊர்க் குளிருக்கும் வெயிலுக்கும் அவை நிற்கவில்லை. 1888-இல் ஊருக்கு வெளியே வயலோரத்தில் கிடந்த காட்டுச் செடிகளைத் தோண்டிவந்து யூனியன் பூங்காவின் ஒரு மூலையில் நட்டார். அதற்கு 'அமெரிக்கத் தோட்டம்' என்று பெயர். பிற்பாடு புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் ஆனார். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் களையாகத் தெரிந்தது கப்பலில் வந்தவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது.

1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மாடிசன் நகரில் ஒரு பழைய பண்ணை நிலத்தை எடுத்து, அதில் மறுபடியும் பிரெய்ரியை உண்டாக்க முனைந்தது. வேலையில்லாத் திண்டாட்டக் காலம். அரசாங்க நிவாரணத் திட்டத்தில் வந்த இளைஞர்கள் புல்லைக் கட்டியாக வெட்டிவந்து நட்டார்கள். ஆல்டோ லியோபால்டு போன்ற அறிஞர்கள் துணை நின்றார்கள். எவ்வளவு நட்டும் அந்நியப் புல் உள்ளே நுழைந்துகொண்டே இருந்தது. 1940-களில் சோதனையாக எரித்துப் பார்த்தார்கள், அப்போதுதான் பிரெய்ரிச் செடிகள் தலையெடுத்தன. நூறு வருடத்துக்கு முன் துரத்தப்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்ததைப் பேராசிரியர்கள் மறுபடி கண்டுபிடித்தார்கள். அந்த இடம் கர்ட்டிஸ் பிரெய்ரி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது, சுமார் 60 ஏக்கர்.

ஆனால் வீட்டுத் தோட்டத்துக்குப் புல் வந்த வழி வேறு. அது ஜெர்மனி வழியாக வந்தது!

தோட்டத்தில் புல்லை அழகுக்கு வளர்ப்பது ஐரோப்பாவில் புதிதல்ல. நம் பட்டியலில் இரண்டாவதாக வருகிறதே பாம்பாஸ், அங்கிருந்து 1840-களிலேயே விதை போய், விக்டோரியா காலத்துச் சீமான்கள் வீட்டு முன்னால் வெள்ளைக் குஞ்சம் ஆடியது. ஆனால் அது ஒற்றை ஆடம்பரம். புல்லைப் பூச்செடிக்குச் சமமாக உட்கார வைத்தவர் கார்ல் ஃபோர்ஸ்டர், 1874-இல் பிறந்தவர், போட்ஸ்டாம் அருகே போர்னிம் என்ற இடத்தில் நர்சரி வைத்திருந்தார். இரண்டு உலகப் போரையும் பார்த்துவிட்டு, புற்களும் பெரணிகளும் தோட்டத்துக்குள் வந்ததைப் பற்றி மட்டும் 1957-இல் ஒரு புத்தகமே எழுதினார். 96 வயது வாழ்ந்தார். அவரும் அவர் வழி வந்தவர்களும் அமெரிக்க ஸ்விட்ச்கிராஸை விதைத்து, ஆயிரம் நாற்றில் எது நன்றாகச் சிவக்கிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள்.

அந்த ஜெர்மன் பழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் குர்ட் புளூமல். 1960-களில் மேரிலாந்தில் புல்லுக்கென்றே நர்சரி தொடங்கினார். ஆரம்பத்தில் புல் விற்கிறவரைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்களா? நானே சிரித்திருப்பேன். அவர் வெளியிட்ட நீலம் பாய்ந்த ஸ்விட்ச்கிராஸ் வகைக்கு 'ஹெவி மெட்டல்' என்று பெயர். வொல்ஃப்காங் ஓமே என்ற இன்னொரு ஜெர்மன்காரரும் ஜேம்ஸ் வான் ஸ்வீடன் என்ற கூட்டாளியும் 1977-இல் வாஷிங்டனில் அந்நாட்டு மத்திய வங்கிக் கட்டடத்தின் தோட்டத்தையே புல்லும் பூவுமாக மாற்றினார்கள். அதன் பிறகுதான் பணக்காரர் வீட்டு வாசலுக்குப் புல் போயிற்று.

எனக்குச் சிரிப்பு வந்த ஒன்று. மகள் வீட்டில் செம்மண் நிறத்துக்கு மாறும் ஒரு ஸ்விட்ச்கிராஸ் இருக்கிறது, பெயர் 'ஷெனாண்டோவா'. வர்ஜீனியாவின் அழகான பள்ளத்தாக்கின் பெயர். பார்த்தால், பொறுக்கியெடுத்தவர் ஹான்ஸ் சைமன் என்ற ஜெர்மன் நர்சரிக்காரர். அமெரிக்கப் புல் ஐரோப்பாவுக்குப் போய், குளித்துத் தலைவாரி, அமெரிக்கப் பெயர் வைத்துக்கொண்டு பிறந்தகத்துக்கே வந்திருக்கிறது.

எல்லாமே அப்படியில்லை. 1980-களில் ராய் டிப்ளிக் என்ற செடி வளர்ப்பாளர் இல்லினாய்ஸில் சவுத் எல்ஜின் என்ற ஊரில் ரயில் பாதை ஓரத்தில் நின்ற ஸ்விட்ச்கிராஸிலிருந்து விதை எடுத்தார். நான் சொன்னேனே, மிஞ்சிய இரண்டு இடத்தில் ஒன்று ரயில் பாதை ஓரம் என்று. அந்த விதையில் வந்த ஒரு செடி காற்றுக்கும் பனிக்கும் சாயாமல் தூண் மாதிரி நின்றது. 'நார்த்விண்ட்' என்று பெயர் வைத்தார். 2014-இல் அந்நாட்டுச் செடி வளர்ப்போர் சங்கம் அதை ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்ந்தெடுத்தது. 2022-இல் அதே சிறப்பு லிட்டில் புளூஸ்டெமுக்கு. நான் மண்வெட்டியால் கொத்தியது விருது வாங்கிய செடியை என்று பேரன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சிகாகோ நடுவில் மில்லெனியம் பூங்காவில் 2004-இல் லூரி தோட்டம் திறந்தார்கள். வடிவமைத்தவர்களில் ஒருவர் பீட் ஔடால்ஃப், நெதர்லாந்துக்காரர். செடிகளை வளர்த்துக் கொடுத்ததில் டிப்ளிக்குக்குப் பெரிய பங்கு. கார் நிறுத்தும் தளத்துக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் மேலே போட்ட கூரைமேல் அந்தத் தோட்டம் இருக்கிறது. அங்கே பிரெய்ரி டிராப்சீட் என்று ஒரு மெல்லிய புல், பூக்கும் நேரத்தில் பச்சைக் கொத்தமல்லி வாசனை அடிக்கிறது. ரசம் தாளித்த மாதிரி ஓர் ஏக்கம் வந்துவிட்டது எனக்கு.

இவ்வளவு தூரம் வந்த புல்லை வீட்டு வாசலில் நிற்க விட்டார்களா என்றால், அதற்கும் சண்டைதான். அங்கே பல ஊர்களுக்குக் களைச் சட்டம் உண்டு. இத்தனை அங்குலத்துக்கு மேல் புல் வளர்ந்தால் அபராதம், இல்லையென்றால் அவர்களே வந்து வெட்டிவிட்டுக் கூலி கேட்பார்கள். விஸ்கான்சினில் ஒரு பெண்மணி, பெயர் லாரி ஓட்டோ. சிரிக்காதீர்கள், அங்கே அது சாதாரணப் பெயர். தன் வீட்டில் புல்தரையை எடுத்துவிட்டுக் காட்டுச் செடி வளர்த்தார். ஊர் நிர்வாகம் ஆள் அனுப்பி வெட்டித் தள்ளியது. அவர் அங்கிருந்த ஒவ்வொரு செடியும் என்னவென்று நிரூபித்து நஷ்டஈடு வாங்கினார். அதே மாநிலத்தில் நியூ பெர்லின் என்ற ஊரில் டொனால்டு ஹேகர் என்ற வனவிலங்கியலாளர் மீது, புல் 12 அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று வழக்கு. 1976 ஏப்ரலில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1979-இல் ஓட்டோவின் பேச்சைக் கேட்ட ஒன்பது பேர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் இன்று பல மாநிலங்களில் இருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் முடிந்த சண்டை தெருவில் முடிவதில்லை. என் மகளுக்கும் அவர்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, "முன்புறம் பராமரிப்பின்றிக் காணப்படுகிறது" என்று. முந்தின வருடம் நடந்தது, எனக்குச் சொல்லவே இல்லை. அவள் வாதாடப் போகவில்லை. புல்லைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு ஒட்ட வெட்டிய பாதை விட்டாள், செங்கல் வரிசை வைத்தாள், 'பிரெய்ரித் தோட்டம்' என்று ஒரு சின்னப் பலகை நட்டாள். ஓரம் ஒழுங்காக இருந்தால் உள்ளே இருப்பது வேண்டுமென்றே வளர்த்தது என்று பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடுகிறதாம். அடுத்த கடிதம் வரவில்லை. பலகையில் இருந்ததை நானும் படிக்கத்தான் செய்தேன், ஏதோ கடையின் விளம்பரம் என்று நினைத்துவிட்டேன். அந்தச் சங்கத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால், அவர்கள் கடிதம் எழுதினார்கள், நான் மண்வெட்டி எடுத்தேன், அவ்வளவுதான்.

உங்களையும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பள்ளி மைதானத்தில் புல் பிடுங்க விட்டவள்தானே நான். 'சுத்தம்' என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

அமெரிக்காவில் இருக்கிற நம் பிள்ளைகள் சிலர் இதைப் படித்தால் வளர்க்க ஆசைப்படலாம். மகளிடம் கேட்டு எழுதிக்கொண்டது: நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். உரம் போடவே கூடாது, போட்டால் கொழுத்துச் சாய்ந்துவிடும். லிட்டில் புளூஸ்டெமுக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது, ஸ்விட்ச்கிராஸ் ஈரத்தையும் தாங்கும். முதல் வருடம் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும், அது வேர் விடுகிற வருடம். மூன்றாவது வருடம்தான் கண்ணுக்குத் தெரியும். இலையுதிர் காலத்தில் காய்ந்ததும் வெட்டிவிடாதீர்கள், பனிக்காலம் முழுக்க நிற்கட்டும். குருவி விதை தின்னும், பூச்சிகள் தண்டிலும் அடியிலும் ஒளிந்திருக்கும். பனி முடிந்து புதுத் துளிர் வரும் முன்னால் ஒரு சாண் உயரம் விட்டு வெட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

இன்னொன்றும் மகள் சொன்னாள். நர்சரியில் பெயர் வைத்து விற்பது எல்லாம் ஒரே செடியைப் பிரித்துப் பிரித்து வந்தது. எந்த ஊரில் வாங்கினாலும் 'நார்த்விண்ட்' ஒன்றேதான், நம் ஊரில் ஒரே வாழையின் பக்கக்கன்று போல. முடிந்தால் அந்தந்தப் பகுதி விதையிலிருந்து வந்த நாற்றையும் கலந்து நட வேண்டும், அப்போதுதான் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகாது. நானும் அதைத்தான் நினைத்தேன். மூன்று வகைப் புல்லை வைத்துவிட்டுப் பிரெய்ரி என்று பலகை வைப்பது, ஐந்து பெயரை மனப்பாடம் செய்துவிட்டுப் புவியியல் படித்தேன் என்று சொல்வது போலத்தான். வெஸ்டன் கல்லறையில் அந்த 5 ஏக்கரில் நான் பார்த்த பூக்களின் பெயரை எழுதிக்கொள்ள முயன்று பாதியில் நோட்டை மூடிவிட்டேன், அவ்வளவு வகை. ஆனாலும் மகளிடம் அதைச் சொல்லவில்லை. அந்த மூன்று வகை இல்லாவிட்டால் நான் கல்லறைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

சிலர் "விதை கொண்டுவந்தீர்களா டீச்சர்" என்று கேட்பீர்கள். இல்லை. விமானத்தில் விதை கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தாலும் இங்கே நட மாட்டேன். அது அந்த மண்ணின் புல்.

நான் கெல்லிய மூன்றில் இரண்டு பிழைத்துக்கொண்டன. மே இரண்டாம் வாரம் நீலப் பச்சையில் ஊசி ஊசியாகத் துளிர் வந்தது. மூன்றாவது வரவில்லை. அந்த இடத்தை மகள் காலியாகவே வைத்திருக்கிறாள், அடுத்த ஏப்ரலில் பிழைத்ததில் ஒன்றைப் பிரித்து அங்கே நடப்போகிறாளாம். நேற்று பேரன் படம் அனுப்பியிருந்தான். புதர் செம்பு நிறத்துக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்திருக்கிறான். 71 சென்டிமீட்டர் என்று எழுதி, கீழே "பாட்டி, தொடாதீங்க" என்று போட்டிருக்கிறான்.